கைவைத்தியம் செய்யலாம்... பி.பி. மாத்திரையை நிறுத்தலாமா?

திருவாதவூர்: மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்ற பெருமை பெற்றது. சுற்றிலும் வயக்காடு. காலையில் மண்வெட்டியோடு இறங்கினால் பொழுது சாயும்வரை உழைக்கும் ஜனங்கள்.

"நாள் பூரா வேர்வை சிந்துறோம். நமக்கெல்லாம் பி.பி. வருமா? அது ஏ.சி. ரூம்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வர்ற வியாதி" என்பது இந்தப் பக்கம் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆனால் உண்மை அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி 20 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 35 பேருக்கு மேல் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்தால் அதில் ஒருத்தருக்கு பி.பி. என்று கணக்கு.

வலிக்காது, தெரியாது

பலருக்கு பி.பி. இருப்பதே தெரியாது. காரணம், அது வலிக்காது. "தலை கிர்ருன்னு வந்தாத்தானே பி.பி.?" என்று நினைப்பது தப்பு. ஒரு அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்கில் ரத்தக் குழாயை அரித்துவிட்டு, ஒருநாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும்.

120-க்கு 80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்த அழுத்த நோய் என்கிறார்கள் டாக்டர்கள். பஸ்சை விட்டு இறங்கி ஓட்டமாகப் போய்ப் பார்த்தால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் பார்க்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்னால் டீ, காபி, பீடி கூடாது.

பாட்டி வைத்தியம் பலிக்குமா?

பூண்டு, முருங்கைக்கீரை, செம்பருத்திப்பூ தண்ணி, வெந்தயம், சீரகத் தண்ணி, வாழைத்தண்டு, இளநீர் என்று வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம் வைத்திருக்கிறார்கள். இதில் எதையும் கேலி செய்ய வேண்டியதில்லை. கீரை, காய், பழங்களில் உள்ள பொட்டாசியம் சத்து, உப்பின் வேகத்தைத் தணிக்கக்கூடியது. பூண்டு பி.பி.யைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் 'கொஞ்சம்' என்பதுதான் முக்கியம். 170, 180 இருப்பவருக்கு நாலு பல் பூண்டு போதாது.

நம்ம நாட்டு மூலிகை உலகத்துக்கே பி.பி. மருந்து கொடுத்த கதையும் உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அந்த வேரில் இருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க கொடுத்தார்கள். அளவு கூடினால் மனச்சோர்வு வரும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

இருமலுக்கு வாயில் அடக்கும் அதிமதுரத்தைத் தினமும் அதிகம் சாப்பிட்டால் பி.பி. ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர், வாழைத்தண்டு சாறு குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி ஆபத்தாகிவிடும். மூலிகை மருந்துதான் வேண்டும் என்றால், யாரோ சொன்ன பொடியை வாங்காமல், அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் கேட்கலாம். சாப்பிடும் மாத்திரையை அங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உப்புதான் முதல் எதிரி

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, குழம்பு, பொரியல், ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் மட்டம். நாம் என்ன செய்கிறோம்? பழைய சோற்றுக்கு ஊறுகாய், மோர் மிளகாய். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, அப்பளம். ராத்திரி பரோட்டா, சால்னா. கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

"வேர்வையில உப்பு போயிருதே, அதுக்கு வேணாமா?" என்று கேட்கலாம். வேர்வையில் போகும் உப்பை வழக்கமான வீட்டுச் சாப்பாடே ஈடு கட்டிவிடும். இந்துப்பு என்றாலும் அதுவும் உப்புதான். பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக் கொள்ளலாம்.

உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையும் கவனிக்க வேண்டிய விஷயம். சில வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பீடி, சாராயம் இரண்டையும் விட வேண்டும். வயல் வேலை இல்லாத நாளில் கண்மாய்க் கரையில் அரைமணி நேரம் கை வீசி நடந்தால் நல்லது.

'குறைஞ்சிருச்சு'ன்னு நிறுத்தாதீங்க

பலர் சறுக்குவது இங்கேதான். ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டு 130-க்கு வந்ததும், "சரியாப் போச்சு, இனி செம்பருத்தி போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மாத்திரையால். நிறுத்தினால் மறுபடி ஏறும். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் முன்பைவிட வேகமாக ஏறும். "பழகிப் போயிரும்" என்ற பயமும் வேண்டாம். இது போதை இல்லை. உப்பையும் எடையையும் குறைத்து அளவு நன்றாக வந்தால், மாத்திரையைக் குறைப்பதை டாக்டரே சொல்வார்.

காசும் ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பி.பி. மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்தே மாத்திரை கொடுத்தார்கள். நடக்க முடியாத அப்பத்தா, தாத்தா வீட்டில் இருந்தால் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, தண்ணி தெளித்து, சோடா கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே 108-க்குப் போன் போடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ஊரில் இருந்து மதுரை போய், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

30 வயது தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பி.பி. பார்ப்பது நல்லது. கையில் பட்டையைச் சுற்றி அஞ்சு நிமிஷ வேலை. பூண்டும் இருக்கட்டும், கீரையும் இருக்கட்டும். கூடவே மாத்திரையும் இருக்கட்டும்.