அடிபட்டவர் எழுந்து நடந்தாலும்

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர், சற்று நேரம் மயங்கிக் கிடந்தபின் தாமே எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்தாரானால், ஆண்டவன் காப்பாற்றினான் என்று சுற்றத்தார் ஆறுதல் அடைவது இயல்பே. ஆயினும் ஊமைக்காயம் என்று நம் ஜனங்கள் சொல்லும் அந்த அடி, சில சமயம் அந்த ஆறுதலுக்குப் பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது.

வளர்ந்தவர்களின் கபாலம் விரிந்து கொடுக்காதது; அதனுள் அடங்கிய மூளை, இரத்தம், மூளைத்தண்டுவட நீர் ஆகிய மூன்றில் ஒன்று மிகுந்தால் மற்றவை குறைந்தே தீரவேண்டும் என்னும் தத்துவத்தை ஸ்காட்லாந்தில் மன்றோ 1783-லும் கெல்லி 1824-லும் எடுத்துரைத்தனர். காதுக்குமேல் எலும்பு முறிந்து, அதன் உட்புறத்தை ஒட்டியோடும் தமனி கிழிந்து இரத்தம் சேரும்போது, முதலில் நீரும் சிரை இரத்தமும் விலகி இடந்தருவதால் அடிபட்டவர் தெளிவாகவே பேசிக்கொண்டிருப்பார். இடம் தீர்ந்ததும் அழுத்தம் மளமளவென்று ஏறும்.

சரீரத்தின் எடையில் சுமார் 2 சதவீதமே ஆயினும், பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவிடுவது மூளை. சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து கபால அழுத்தத்தைக் கழித்து எஞ்சுவதே அதற்கு இரத்தத்தைச் செலுத்தும் விசை: முன்னது 90, பின்னது 10 மில்லிமீட்டர் பாதரசமானால் மிச்சம் 80, பின்னது 40 ஆனால் மிச்சம் 50. அதற்கும் கீழே, குழாய்கள் விரிந்து ஈடுசெய்யும் சக்தி ஒடுங்கி, ஓட்டம் குன்றி, பட்டினி கிடக்கும் மூளை வீங்கி, வீக்கமே அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இதை எதிர்த்துச் சரீரம் இரத்த அழுத்தத்தை உயர்த்த, நாடியோ மெதுவாகிறது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்; ஆகவே நாடி நிதானமாயிருக்கிறதென்று தைரியங்கொள்வதும், 'பி.பி. ஏறிவிட்டது' என்று வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் அபாயம்.

வலுத்துக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத உறக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல் — இவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழைத்து, வாயில் தண்ணீரும் ஊற்றாமல், கழுத்தை அசைக்காமல், தலைக்கு ஸ்கேன் எடுக்கும் வசதியும் மூளை அறுவை நிபுணரும் உள்ள மருத்துவமனையை நாடவேண்டும். அங்கே தலைமாட்டை உயர்த்தியும், மானிடால் மருந்து செலுத்தியும் அழுத்தத்தைத் தணித்து, வேண்டுமாயின் உறைந்த இரத்தத்தை அகற்றுவார்கள். காலத்தே செய்தால் பலர் பூரணமாகத் தேறுகின்றனர்.

காலதாமதத்துக்குப் போலீஸ் பயமும் பணக்கவலையும் காரணமாயிருக்க வேண்டியதில்லை. சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது, அரசு மருத்துவராயினும் தனியாராயினும் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் பொறுப்பு சாராதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. பெயர், விலாசம் கேட்டு அவரை வற்புறுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எவ்வூராராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, நிர்ணயித்த வரம்புக்குள், கட்டணமின்றி அளிக்கிறது. ஆதலால் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்றாலும், அந்தச் சொல்லை மருத்துவர் சொல்லும்வரை அவரைத் தனியே உறங்க விடலாகாது.