சொல்வதை விடக் காட்டுவது எளிது

ஊரிலுள்ள அப்பாவுக்கு ரயில் டிக்கெட் முன்பதிவைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்துக் களைத்துப் போனவர்களுக்கு ஒரு வழி. திரையில் நாம் செய்வதை, நம் குரலோடு கணினியே படம் பிடித்துத் தரும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை மவுஸால் வளைத்து, மைக்கை இயக்கி, 'ஸ்டார்ட்' தட்டினால் போதும். விண்டோஸ் 10-இல் ஷிப்டுக்குப் பதில் ஆல்ட். ஆனால் திறந்திருக்கும் ஒரு செயலியை மட்டுமே அது பதியும். மேக் கணினியில், 2018-இல் வந்த மொஹாவே முதல், ஷிப்ட், கமாண்ட், 5. 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் மைக்கைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஊமைப்படம்தான்!

கடவுச்சொல், ஓ.டி.பி. வரும் இடத்துக்கு முன்பே பதிவை நிறுத்திவிடுங்கள். நான் அனுப்பிய முதல் படத்தில் வங்கிச் செய்தி ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தது. என் கணக்கிருப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வாசித்தவர் சித்தப்பா. இப்போதெல்லாம் நோட்டிஃபிகேஷனை அணைத்த பிறகே தொடங்குகிறேன்.