யானை மிதிச்சா பாரதியார் இறந்தார்? பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லலாம்?

பாரதியார் கதையை ஆரம்பிச்சாலே வீட்டுக் குட்டீஸ் முந்திக்கிட்டு கேட்பாங்க: "யானை மிதிச்சுத்தானே செத்துப்போனார்?"

இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவருக்குப் பழகிய யானைதான். 1921-ல் ஒருநாள், பழம் கொடுக்கப்போனவரை அது தள்ளிவிட்டது. குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். காயம் ஆறி, 'சுதேசமித்திரன்' வேலைக்கும் திரும்பினார் பாரதி.

ஜூலை 31-ல் ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்தில் பேசவும் செய்தார். தலைப்பு என்ன தெரியுமா? 'மனிதனுக்கு மரணமில்லை'!

பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் அவரைச் சாய்த்தது. செப்டம்பர் 12 அதிகாலை உயிர் பிரிந்தபோது வயது 38.

பிள்ளைகளிடம் யானையோடு நிறுத்திடாதீங்க. சின்னவங்கன்னா 'பாப்பா பாட்டு' பாடிக் காட்டுங்க. கொஞ்சம் பெரியவங்கன்னா, மகள் சகுந்தலா எழுதிய 'என் தந்தை' புத்தகத்தை உட்கார்ந்து சேர்ந்தே வாசிக்கலாம்.