கல்லறை இல்லாத வீரர்



பொரளைச் சந்தியிலிருந்து கனத்தை மயானத்தைக் கடந்து புல்லர்ஸ் வீதி வழியே, அதாவது இன்றைய பௌத்தாலோக மாவத்தை வழியே, மேற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் கறுவாத்தோட்டத்துப் பழைய குதிரைப் பந்தயத் திடலை அடையலாம். இப்போது அங்கே விளையாட்டரங்கும் கடைகளும் இருக்கின்றன. 1942ஆம் ஆண்டில் அத்திடல் ஒரு விமானத்தளமாக இருந்தது என்றால் இளைஞர் பலர் நம்பமாட்டார்கள். குதிரைகள் ஓடிய இடத்தில் ஓடுபாதை அமைத்துப் போர் விமானங்களை நிறுத்தியிருந்தார்கள்.

அவ்வாண்டு ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கொழும்பின்மீது குண்டு வீசின. துறைமுகமே அவற்றின் இலக்கு. ஆயினும் பொரளைக்கு அப்பாலுள்ள அங்கொடை மனநோய் மருத்துவமனையும் தப்பவில்லை. நகரத்து மக்கள் திரள்திரளாக வெளியேறினர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிய கதையை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள் உங்களிற் பலர் இருப்பீர்கள். நான் இன்று நினைவுகூர விரும்புவது, ஊர் வெளியேறிய அந்த நாட்களில் பந்தயத் திடலிலிருந்து எதிரியைத் தேடிப் புறப்பட்டவர்களை.

பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது அணியினர் அவர்கள். மத்தியதரைக் கடற்புறத்துப் போரிலிருந்து மார்ச் மாதத்தில்தான் இலங்கைக்கு வந்தவர்கள். அவர்களிடம் இருந்தவை 'பிளெனிம்' என்னும் இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் மூவர்: ஓட்டுபவர் ஒருவர், வழிகாட்டிக் குண்டு வீசுபவர் ஒருவர், வானொலியையும் பின்புறத் துப்பாக்கியையும் கவனிப்பவர் ஒருவர். அந்நாளில் இத்தகைய தொழிலுக்கு வந்தோரிற் பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். ஜப்பானியரின் 'ஸீரோ' சண்டை விமானத்தின் வேகத்துக்கு முன் பிளெனிம் எம்மாத்திரம்!

ஏப்ரில் 9ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. அணித்தலைவர் கென் ஆல்ட் என்பவரின் கீழ்ப் பதினொரு பிளெனிம்கள் கொழும்பிலிருந்து எழுந்தன. இரண்டு இயந்திரக் கோளாறினால் திரும்பிவிட்டன. எஞ்சிய ஒன்பதும் காவலுக்கு ஒரு சண்டை விமானமேனும் இன்றித் தீவைக் குறுக்கே கடந்து கீழைக் கடலுக்குச் சென்றன. அங்கே ஜப்பானியக் கப்பற்படை இருந்தது. காலை 10 மணி 25 நிமிடமளவில், ஏறத்தாழப் பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து, தளபதி நாகுமோவின் தலைமைக் கப்பலாகிய 'அக்காகி'யைக் குறிவைத்துக் குண்டு வீசினர். கப்பலைச் சூழ்ந்து நீர்த்தூண்கள் எழுந்த பின்னரே தாம் தாக்கப்படுவதை ஜப்பானியர் அறிந்தனர். ஆனால் ஒரு குண்டும் கப்பலிற் படவில்லை.

பின்னர் ஸீரோக்கள் பாய்ந்தன. நான்கு பிளெனிம்கள் அவ்விடத்திலேயே வீழ்ந்தன. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்த ஜப்பானிய விமானங்கள், திரும்பிக்கொண்டிருந்த ஐந்தாவதையும் வீழ்த்தின. அணித்தலைவர் ஆல்டும் மீளவில்லை.

பயனற்ற முயற்சி என்று இதை எழுதித் தள்ளுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதுவரை எவரும் நெருங்காத அந்தக் கப்பற்கூட்டத்தை, அதன் காவலர் கண்ணிற் படாமலே அணுகலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். கப்பல்களில் அப்போது ராடார் இல்லை, வெறுங்கண்ணையே நம்பியிருந்தார்கள். இக்குறையை ஜப்பானியர் திருத்திக்கொள்ளவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, ஜூன் 4ஆம் திகதி, மிட்வே தீவுக்கருகே மேலிருந்து காணப்படாமல் வந்த அமெரிக்க விமானங்களே அக்காகியை அழித்தன.

கனத்தையில் இரு உலகப்போர்களிலும் இறந்த படையினர் சிலரின் கல்லறைகள் உண்டு. இந்த இளைஞர்கள் அங்கே இல்லை. கடல் அவர்களைத் திருப்பித் தரவில்லை. உடல் கிடையாதவர்க்குத் தருப்பையால் உருச்செய்து கிரியை முடிக்கும் வழக்கம் நம்மவரிடத்து உண்டல்லவா? அந்தத் தாய்மாருக்குக் கிடைத்ததோ கல்லிற் பொறித்த ஒரு பெயர் மட்டுமே. சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்து நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. தென்னாசியக் கடல்களில் மறைந்த விமானப்படையினரின் பெயர்களும் அவற்றுட் சேர்ந்தவை. உறவினரைக் காணச் சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் ஒரு காலைப்பொழுதை அதற்கென ஒதுக்கலாம்.