முதல் ஈடு இஞ்சிப் பானம்: முப்பது பாட்டில்கள் கற்றுக்கொடுத்த கணக்கு

முப்பத்தியொரு வருஷம் வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு கோபி பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக இஞ்சி போட்டு வருகிறேன். இந்த வருஷம் 400 கிலோ வந்தது. வியாபாரி பெரிய கிழங்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு, விரல் விரலாக இருந்த 60 கிலோவை "இது வேண்டாமுங்க" என்று தள்ளிவிட்டார். ரசாயனம் படாத இஞ்சியைக் குப்பையில் போட மனசு வரவில்லை. புளிக்கவைத்து, நுரை பொங்கும் இஞ்சிப் பானம் செய்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்கலாம் என்று இறங்கினேன்.

செய்முறை நமக்குப் புதுசு இல்லை. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் போட்ட கைதானே! முதலில் உறை. தோல் சீவாத இஞ்சியைப் பொடியாக நறுக்கி இரண்டு ஸ்பூன், நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர். வாயைத் துணியால் கட்டி, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கிவிட வேண்டும். தோலில்தான் ஈஸ்ட் இருக்கிறது, அதனால் தோலைச் சீவக் கூடாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஐந்தாம் நாள் குமிழ் விட்டது.

அடுத்து, ஒன்பது லிட்டர் தண்ணீரில் 600 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை கரைத்துக் கொதிக்கவைத்தேன். நன்றாக ஆறியபின் பத்து எலுமிச்சையின் சாறும், வடிகட்டிய உறையும் சேர்த்தேன். ஒரு ராத்திரி வைத்திருந்து, வெள்ளிக்கிழமை காலையில் 30 பாட்டில்களில் அடைத்தேன். எல்லாம் பழைய ஜூஸ் பாட்டில், மெல்லிசுக் கண்ணாடி. மூடியை இறுக்கித் திருகினேன். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, முதல் கிளையின் மேனேஜராகப் போய் உட்கார்ந்த நாள் மாதிரி ஒரு பெருமை. 22 பேரிடம் பாட்டிலுக்கு 50 ரூபாய் வீதம் முன்பணம்கூட வாங்கியாச்சு.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். ஸ்டோர் ரூமில் 'டமார்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் இஞ்சித் தண்ணீர், தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. பக்கத்துப் பாட்டிலும் நொறுங்கியிருந்தது. கருவேப்பிலை எடுக்க அஞ்சு நிமிஷம் முன்னால்தான் வீட்டுக்காரம்மா அங்கே போய் வந்திருந்தார். கதவைப் பிடித்தபடி நின்றவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங்க, நாளைக்கு இது யாரோ ஒரு புள்ளை கையில வெடிச்சிருந்தா?"

எனக்கு வார்த்தை வரவில்லை.

மீதி 28 பாட்டில் மேல் நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டு, விடியும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கையில் தடித் துணி சுற்றி, ஒவ்வொரு மூடியாக மெல்லத் தளர்த்தினேன். எல்லாவற்றையும் எருக்குழியில் ஊற்றினேன். அப்புறம் 22 பேருக்கும் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 1,100 ரூபாய்தான். ஆனால் கொடுக்கும்போது கை நடுங்கியது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை முதலில் போட்டிருக்க வேண்டும். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். நான் போட்டது லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். அத்தனையும் புளித்தால் ஒரு லிட்டர் பானத்துக்கு 25 லிட்டர் வாயு! ஈஸ்ட் கூட்டுவட்டி போலப் பெருகும். மாசிக் கடைசி வெயிலில் இன்னும் வேகம். கோலி சோடா பாட்டில் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. சுமார் 8 கிராம் சர்க்கரை புளித்தால் பானம் சோடா மாதிரி சுறுசுறுவென்று இருக்கும். அதே 8 கிராம் ஏறத்தாழ அரை சதவீத ஆல்கஹாலையும் தந்துவிடும். நல்ல நுரைக்கும் மதுவுக்கும் இடையில் ஒரு நூலிழைதான். சோதிக்கும் கருவியும் உரிமமும் இல்லாமல் இதைச் சந்தையில் வைப்பது தப்பு. வெயிலில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நாம் விற்பது என்ன சரக்கு என்று நமக்கே தெரியாது.

இரண்டாவது ஈட்டை வீட்டுக்கு மட்டும் போட்டேன், அதுவும் இரண்டே லிட்டர். எல்லாம் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில். மேலே இரண்டு அங்குலம் காலி விட்டேன். காலையும் மாலையும் பாட்டிலை அமுக்கிப் பார்ப்பேன். கல் மாதிரி கெட்டியானதும் நேரே ஃபிரிட்ஜ். அடுத்த நாளே வந்துவிட்டது. குளிர்ச்சியில் புளிப்பு மெதுவாகும், நிற்காது. அதனால் மூன்று நாளுக்குள் குடித்துத் தீர்த்துவிடுகிறோம், பெரியவர்கள் மட்டும். காரமும் புளிப்புமாக, சாப்பாட்டுக்குப் பிறகு அருமையாக இருக்கிறது.

சந்தைக்கு? புளிக்கவைக்காத இஞ்சி எலுமிச்சைப் பாகு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கி, கொதிக்கக் காய்ச்சிச் சூடாக அடைக்கிறோம். ஒதுக்கிய 60 கிலோவில் 25 கிலோ பாகாகிவிட்டது. பணம் திருப்பிக் கொடுத்த 22 பேரில் 17 பேர் வந்து வாங்கினார்கள்.

வங்கியில் பல கடன்களுக்கு ஈடு கேட்போம். நம் சந்தையில் வாங்குகிறவர் எந்த ஈடும் கேட்பதில்லை. "இயற்கை விவசாயி கொடுக்கிறார்" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறார். மதிப்புக்கூட்டலில் இறங்கும் நண்பர்களே, முதல் ஈட்டை விற்காதீர்கள். வீட்டில் வைத்து, கணக்குப் போட்டு, ஒரு வாரம் காத்திருந்து பாருங்கள். வெடிப்பதாக இருந்தால் அது நம் வீட்டிலேயே வெடிக்கட்டும்.