சிவப்புக் கோடு போட்ட மாத்திரை

காய்ச்சல் என்று டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அரை நாள் கூலி போச்சு. குமாஸ்தா என்றால் ஒரு லீவு போச்சு. ஆகவே, வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழர் பலரும் நேரே மருந்துக் கடைக்குப் போய், "ஜுரத்துக்கு நாலு மாத்திரை கொடுங்க" என்று வாங்கி விழுங்குகிறார்கள். மிச்சமிருப்பதை அறையில் அடுத்த பாயில் படுப்பவர் விழுங்குகிறார்!

அந்த நாலில் ஒன்று 'ஆன்டிபயாடிக்' ஆக இருந்தால்தான் வம்பு. அது பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். ஜலதோஷமும் 'ப்ளூ' காய்ச்சலும் வைரஸால் வருபவை. பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். பேர் மட்டும் மாத்திரைக்கு! ஆனால், அந்த மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் உடம்பில் பெருகுகின்றன. பின்னால் நிமோனியாவோ டைபாய்டோ வரும்போது மலிவு மாத்திரை கேட்காமல் போகலாம். ஆஸ்பத்திரியில் படுத்து, விலை கூடிய ஊசி போட்டுக்கொள்ள நேரும். அப்போது போவது அரை நாள் கூலி அல்ல.

கோடும் கவரும்

இதைத் தடுக்க 2012-ல் மருத்துவர் சங்கங்கள் சென்னையில் கூடி, 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வந்தது. அவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு 'சிவப்புக் கோடு' பிரசாரத்தைத் தொடங்கியது. மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. (கோடு போட்டதெல்லாம் ஆன்டிபயாடிக் அல்ல, சீட்டு தேவைப்படும் மற்ற மருந்துகளிலும் அது உண்டு.)

கேரளம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளில் திடீர் சோதனை நடத்தியது. ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் போட்டுத் தரும் ஏற்பாடும் வந்தது. மலையாளச் சுவரொட்டி தென்காசித் தொழிலாளிக்குப் புரியாமல் போகலாம். நீலக் கவருக்கும் சிவப்புக் கோட்டுக்கும் எந்த மொழியும் வேண்டியதில்லை.

ஆனால், கூலி போகுமே என்ற பயத்துக்குப் பிரசாரத்தில் பதில் இல்லை. மாலையிலும் டாக்டர் இருக்கும் அரசு மருத்துவமனைகள் பெருகினால் பாதி மருந்துக் கடை வைத்தியம் தானே குறையும்.

அதுவரை, சாதாரணக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அதற்குச் சீட்டு வேண்டாம். மூன்று நாளாகியும் ஜுரம் விடவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் லீவு பார்க்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால், சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். பக்கத்துப் பாய்க்காரருக்குப் பங்கு கிடையாது.