பச்சைக் குழந்தைக்கு வலிக்காதா?

1980-கள் வரைக்கும் குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதுமான வலி மருந்து கொடுக்காமலேயே ஆபரேஷன் செஞ்சிருக்காங்க. நம்ப முடியுதா? ‘நரம்புகள் இன்னும் முழுசா வளரலை, வலி தெரியாது; மருந்துதான் ஆபத்து’ என்று டாக்டர்கள் நினைத்தார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாயை மூடும் ஆபரேஷன். குழந்தைகளில் பாதிப்பேருக்கு மட்டும் வழக்கமான மருந்தோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்தாங்க. 1987-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் குறைவு, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு. அதாவது, வலியைக் குறைப்பது சலுகை இல்லைங்க, சிகிச்சையின் ஒரு பகுதி.

சரி, நாம என்ன செய்யலாம்? தடுப்பூசி போடும்போது கைக்குழந்தையைப் படுக்க வைக்காம, மடியில் அணைச்சுப் பிடிச்சுக்கோங்க. முடிஞ்சா தாய்ப்பால் கொடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொன்ன வழிதான் இது. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகிட்ட ‘வலிக்கவே வலிக்காது’ன்னு பொய் சொல்லாதீங்க. அடுத்த தடவை நீங்க சொல்றதை அது நம்பணும் இல்லையா?